இரண்டு அட்டை போட்ட படம்

என் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன். உட்கார்ந்து படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு எழுந்து போகாதே.

ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே "அம்மா, வேலை இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அப்பா போய் நான்கு மாதம் ஆகப்போகிறது. உன்னுடைய அந்த 'அப்புறம்' இன்னும் வந்தபாடில்லை. கடிதம் என்றால் அப்படி வைத்துவிட முடியாது. மேசைமேல் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும்.

வீட்டுச் சமாசாரம் முதலில். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. உங்கப்பா துணி சுற்றிக் கட்டி வைத்திருந்தது இற்றுப்போய்விட்டது. கடையில் அவர் படங்களுக்குச் சட்டம் போட்ட பாதியைப் பக்கத்து வாட்ச் ரிப்பேர்காரர் வாடகைக்குக் கேட்கிறார். நான் இன்னும் கொடுக்கவில்லை. அவருடைய மேசை, கண்ணாடி வெட்டும் கத்தி, ஆணி டப்பா, பென்சில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. முன்னால் நான் கீரைக் கட்டுகளோடு உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே சட்டம் போடுகிற சத்தம் இல்லை. முப்பது வருஷமாக அந்த டக் டக் சத்தத்தைத் திட்டிக்கொண்டே வியாபாரம் பண்ணினவள் நான். இப்போது ஒன்றுமே கேட்காமல் காது வலிக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் அவருடைய போட்டோவைப் பெரிதாக்கி வாங்கி வந்தேன். தெருவில் இருக்கிற கல்யாணப் படம், பிள்ளைகள் பட்டம் வாங்கின படம், செத்தவர்கள் படம் எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டவர். அவருக்குச் சட்டம் போட இன்னொருத்தன் கடைக்குப் போவதா? எனக்குப் பொறுக்கவில்லை. கூடத்துச் சுவரில் என்னைப் பற்றிப் பேப்பரில் வந்த துண்டைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாரே, அது ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். அப்போது நானும் அவரும் கீரைக் கூடையோடு நிற்கிற மாதிரி எடுத்த படம். கடையிலேயே உசத்தியான மரத்தைப் போட்டிருந்தார். அளவு பார்த்தேன், சரியாக இருந்தது. என் மூஞ்சியை இனி யார் பார்க்கப்போகிறார்கள், அவரே அதில் இருக்கட்டும் என்று கழற்றி இறக்கினேன்.

திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒட்டியிருந்த பழுப்புத்தாள் புதிது. படம் மாட்டி ஐந்து வருஷம் ஆகிறது, தாள் எப்படிப் புதிதாக இருக்கும்? கிழித்து, ஆணிகளைக் குறட்டால் பிடுங்கினேன். ஓர் அட்டையை எடுத்தால் அடியில் இன்னோர் அட்டை. உங்கப்பா எப்பேர்ப்பட்ட கஞ்சன் என்று உனக்கே தெரியும். ஒரு படத்துக்கு இரண்டு அட்டை போடுகிற ஆளா அவர்? இரண்டுக்கும் நடுவில் அந்தத் தாள் இருந்தது.

எந்தத் தாள் என்று உனக்குத் தெரியும். நான்தான் அதுவரை பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சாப்பாட்டுத் தாள். அவருடைய பெயர், தேதி, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்கிற கணக்கு, கீழே இரண்டு பட்டியல். சாப்பிடக் கூடாது என்பதில் முதல் வரி கீரை. அடுத்தது தக்காளி, வாழைப்பழம், உருளைக்கிழங்கு. நான் தினமும் அவர் தட்டில் வைத்ததை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதின மாதிரி இருந்தது. தேதியைப் பார்த்தேன். அவர் போவதற்கு ஏழு மாதம் முந்தைய தேதி. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து என்ன சொன்னார் தெரியுமா? "டாக்டர் என்ன சொல்லிட்டாரு, உன் பொண்டாட்டி குடுக்கிறதைச் சாப்பிட்டுக்கிட்டு பேசாம இருன்னாரு" என்று சிரித்தார். நானும் நம்பி, அதைக் கடையில் பத்துப் பேரிடம் சொன்னேன்.

தாளைத் திருப்பினேன். பின்னால் சட்டத்து அளவு குறிக்கிற அவர் பென்சில் எழுத்து. மேலே "பாப்பா சொன்னது" என்று போட்டு, கீழே கோடு. கீரை வேண்டாம். ஆசைப்பட்டால் கொஞ்சம், பொடியாக வெட்டி, நிறைய நீரில் வேகவைத்து, நீரைக் கொட்டிவிட வேண்டும். முதல் நீரை மட்டுமல்ல, இரண்டு முறை. கீரை வேகவைத்த தண்ணீரைக் குடிக்கவே கூடாது. அம்மாவிடம் உடனே சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வரிக்கு அடியில் நீ சொன்ன வேகத்துக்கே இரண்டு கோடு இழுத்திருக்கிறார்.

அதற்குக் கீழே வரிசையாக ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு என்று ஒவ்வொரு தேதியாக எழுதி, ஒவ்வொன்றையும் அடித்திருக்கிறார். மொத்தம் ஒன்பது ஞாயிறு. உங்கப்பா வேலை முடியாத படத்துக்கெல்லாம் "ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கங்க" என்பாரே, வந்தவர்களை மறுபடியும் அடுத்த ஞாயிறு வரச் சொல்வாரே, அதே மாதிரி. என்னையும் ஒன்பது முறை திருப்பி அனுப்பிவிட்டார், நான் வாசலில் நின்றதே எனக்குத் தெரியாமல்.

முதலில் அழுகை வரவில்லை, பாப்பா. உன்மேல் ஆத்திரம்தான் வந்தது. நீ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். இந்த எண்கள் உனக்கு அத்துப்படி. என்னைக் கூப்பிட்டு, "அம்மா, அப்பாவுக்குக் கீரை குடுக்காதே" என்று நான்கு வார்த்தை சொல்ல உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இப்படித்தான் முதல் கடிதத்தில் எழுதினேன். இதைவிட மோசமாகவும் எழுதினேன். பெற்ற மகள் என்றுகூடப் பார்க்கவில்லை. கிழித்துப் போட்டேன். மறுநாள் இன்னொன்று எழுதி அதையும் கிழித்தேன். இது மூன்றாவது. இதைக் கிழிக்காமல் இருப்பதற்குக் காரணம், எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒரு காலை ஞாபகம் வந்துவிட்டது. அதை உனக்கு அவர் சொல்லியிருக்க மாட்டார். சொல்லக்கூடிய மனுஷன் இல்லை. நான் சொல்கிறேன்.

அந்தத் தாளின் தேதிக்கு அப்புறம் ஒரு பதினைந்து நாள் இருக்கும். உங்கப்பா திடீரென்று சமையலறைக்கு வர ஆரம்பித்தார். "நீ கடைக்குக் கிளம்பு, கீரையை நான் வேகவைக்கிறேன்" என்றார். அடுப்பு எந்தப் பக்கம் திருகும் என்றே தெரியாத மனுஷன். எனக்கு ஒரே பெருமை. வாட்ச் ரிப்பேர்காரரிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன். நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் தராசை மறந்துவிட்டேன் என்று வீட்டுக்குத் திரும்பினேன். சமையலறையில் நின்று, சட்டியைச் சாய்த்து, கரண்டியால் கீரையைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு, பச்சைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "உசிரைப் புடிச்சுக் கொட்டுறீங்களே! சத்து பூராவும் அந்தத் தண்ணியிலதானே இருக்கு! இத்தனை வருஷம் எதைக் குடிச்சு நிமிர்ந்தீங்க?" என்று கத்தினேன். கத்தினதோடு விட்டேனா? கூடையிலிருந்து இன்னொரு கட்டை எடுத்து, அலசி, அங்கேயே வேகவைத்து, உப்பும் மிளகும் போட்டு, அந்தத் தண்ணீரை டம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். முழுசாகக் குடித்து முடிக்கிற வரைக்கும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். குடித்தார். "தெரியாமக் கொட்டிட்டேன், விடு" என்றார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கடைக்குப் போனார். அதற்கப்புறம் அவர் அடுப்புப் பக்கம் வரவே இல்லை. தினமும் காலையில் டம்ளரை நானே நீட்டினேன், அவரும் வாங்கிக் குடித்தார்.

இங்கே கடிதத்தை நிறுத்தினேன். இரண்டு நாள் மூடி வைத்துவிட்டு இன்றைக்குத்தான் மறுபடி எடுத்தேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டாம் மாடியில், சாப்பாடு பற்றிச் சொல்வதற்கென்றே ஓர் அம்மா இருக்கிறார். எடுத்த எடுப்பில், "கீரை விஷமாங்க? நான் விஷத்தையா வித்துக்கிட்டிருக்கேன்?" என்று கேட்டேன். பாவம், பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். கீரையும் பருப்பும் காயும் பழமும்தான் மனுஷனுக்கு நல்ல சாப்பாடு, எண்ணெயில் பொரித்ததை விட்டு இதற்கு வாருங்கள் என்றுதான் நாங்களும் தொண்டை கிழியச் சொல்கிறோம் என்றார். கீரையில் பொட்டாசியம் என்று ஓர் உப்பு இருக்கிறதாம். நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போனது தள்ளாது, ரத்தத்திலேயே சேரும், சேர்ந்துகொண்டே போனால் இதயம் நின்றுவிடலாம் என்றார். அவருக்குச் சிறுநீரகம் கெட்டது என்னாலா என்று கேட்டேன். இல்லை, அது பழைய பிரஷர் செய்த வேலை, உங்கள் சமையல்தான் அதை இத்தனை வருஷம் தள்ளிப்போட்டிருக்கும் என்றார். கடைசி ஏழு மாதத்தைப் பற்றிக் கேட்டேன். அதை யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்துக்கொண்டால் என்ன அர்த்தம் என்று தெரியாத அளவுக்கு நான் ஒன்றும் பச்சைக்குழந்தை இல்லை.

எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா, எனக்கு இதெல்லாம் புரிய? பத்து நிமிடம். சுரைக்காய் கொடுக்கலாம், முட்டைக்கோஸ் கொடுக்கலாம், கீரையைக்கூட எப்போதாவது நீ சொன்ன மாதிரி கொட்டிக் கொட்டி ஒரு கரண்டி கொடுக்கலாம் என்றார். பத்தே நிமிடத்தில் கற்றுக்கொண்டிருப்பேன். ஒரு மனுஷன் உயிர் போகிற விஷயத்தைச் சொல்லக் கூசுகிற அளவுக்கா நான் ஒரு பிடாரியாக இருந்தேன்? நீயே சொல்.

சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். அவர் ஏன் சொல்லவில்லை என்பதும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் பிரஷர் ஏறி மயங்கி விழுந்தவரை, தினமும் கடையில் வாங்கித் தின்ற வறுவலையும் பஜ்ஜியையும் நிறுத்தி, என் அம்மா எனக்குப் போட்ட மாதிரியே சோறும் பருப்பும் கீரையுமாகப் போட்டு எழுப்பி நிற்கவைத்தேன். மாத்திரை பாதியாகக் குறைந்தது. பத்து மாதத்தில் பழைய சட்டை எல்லாம் தொளதொள என்று ஆனது. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம், "என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பாருங்க, அப்புறம் கீரையை வாங்குங்க" என்பேன். அவரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தூக்கி முறுக்கிக் காட்டுவார். ஜனங்கள் சிரிப்பார்கள். என் வாழ்க்கையில் என்னை யாராவது கெட்டிக்காரி என்று சொன்னது அதற்குத்தான். அதைத் தட்டிப் பறிக்க அவருக்கு மனசு வரவில்லை. எனக்குக் கிடைத்த பெருமைக்குப் பின்னாலேயே அந்தத் தாளை ஒளித்து வைத்தார். நான் அந்தப் படத்தைத் தினமும் துடைத்தேன், பாப்பா. கண்ணாடி பளபளக்கத் துடைத்தேன்.

உன் விஷயத்துக்கும் வருகிறேன். நீ படிக்கிற காலத்தில் ஒரு தடவை, எல்லாக் கீரையும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று ஏதோ சொன்னாய். "நாலு புஸ்தகம் படிச்சுட்டு எனக்கே கீரை கத்துக்குடுக்க வந்துட்டா" என்று கடையில் அத்தனை பேர் முன்னால் சொல்லிச் சிரித்தேன். உன் முகம் சுண்டிப்போனது. அப்போது அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இப்போது அடிக்கடி அந்த முகம்தான் வருகிறது. நீ எனக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? மனதைத் தொட்டுச் சொல்கிறேன், முதல் தடவை கேட்டிருக்க மாட்டேன். இரண்டாவது தடவை சண்டை போட்டிருப்பேன். மூன்றாவது தடவை கேட்டிருப்பேன். அந்த மூன்று தடவைக்கு உனக்கு உங்கப்பா இடம் கொடுக்கவில்லை. "நானே சொல்லிக்கிறேன், நீ நடுவுல வராதே" என்று சத்தியம் வாங்கியிருப்பார். அவர் கேட்டால் யாரால் முடியாது என்று சொல்ல முடியும்? அடுத்த ஞாயிறு சொல்லிவிடுவார் என்று நீயும் அங்கே நாள் எண்ணிக்கொண்டு இருந்திருப்பாய்.

ஆகையால் கேட்டுக்கொள். உங்கப்பாவை நீ கொல்லவில்லை. நீ பேசாமல் இருந்ததால்தான் போனார் என்று அங்கே உட்கார்ந்து உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய், அதனால்தான் என் குரலைக் கேட்டதும் போனை வைக்கிறாய். எனக்குத் தெரியாதா? உன் பங்கு என்று ஏதாவது இருந்தால் அதை நான் என் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன், நீ விட்டுவிடு. டம்ளரை நீட்டின கை என்னுடையது.

கடையை மூன்று வாரம் மூடி வைத்திருந்தேன். அப்புறம் எதிர்வீட்டு டீச்சர் வந்து கதவைத் தட்டினார். சர்க்கரை முந்நூறுக்கு மேல் போய் நம் கடைக்கு வந்து வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தவர், உனக்குத் தெரியும். "நீங்க கடையை மூடினதுல நான் மறுபடியும் பேக்கரிக்குப் போக ஆரம்பிச்சுட்டேன், சர்க்கரையும் ஏறிடுச்சு, நல்லா இருக்கா இது?" என்று சண்டைக்கு வந்தார். மறுநாள் திறந்தேன். இப்போது யார் வந்தாலும் கட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், வீட்டில் யாருக்காவது கிட்னி கோளாறு உண்டா என்று கேட்கிறேன். பஸ் கண்டக்டர், "கீரை வாங்க வந்தா சாட்சிக் கூண்டுல ஏத்துறியே" என்கிறார். சிரித்துவிட்டுப் போகட்டும். போன வாரம் வங்கிக் காவலாளி தயங்கித் தயங்கி, தன் மனைவிக்கு அப்படித்தான் என்றார். அவருக்கு எடுத்த கட்டைக் கூடையிலேயே திருப்பிப் போட்டுவிட்டு, ஒரு சுரைக்காயைக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அவர் போனபிறகு கூடைக்குப் பின்னால் குனிந்துகொண்டு அழுதேன். உள்ளே டக் டக் நின்று, என்ன ஆச்சு என்று கேட்க ஆளில்லை.

அந்தத் தாளை நானே சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். அவருடைய கத்தியால் கண்ணாடி வெட்டி விரலையும் வெட்டிக்கொண்டேன். சட்டம் கோணல், நீ பார்த்தால் சிரிப்பாய். பட்டியல் வெளியே தெரிகிற மாதிரி, அவர் எழுத்து உள்ளே இருக்கிற மாதிரி போட்டிருக்கிறேன். அது நம் இருவருக்கு மட்டும். ஓர் அட்டைதான் போட்டிருக்கிறேன்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். இதற்குத்தான் இவ்வளவும்.

அப்பாவைக் கொண்டுபோன மறுநாள், பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். நீ சோற்றைப் பிசைந்தாய். கீரையைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாய். தக்காளியை ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி எடுத்து வைத்தாய். துக்கத்தில் இறங்கவில்லை என்று அப்போது நினைத்தேன். தாளைப் பார்த்தபின், என்மேல் உள்ள கோபம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி அம்மா, அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது என்று சொன்னதிலிருந்து வேறொன்று நினைக்கிறேன். கோபத்தில் கீரையை ஒதுக்கலாம். தக்காளியை யாராவது கோபத்தில் ஒதுக்குவார்களா? உனக்குத் தக்காளி என்றால் உயிராயிற்றே.

உனக்கும் அப்படி ஒரு தாள் இருக்கிறதா, பாப்பா? இருந்தால் அதை எந்தப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாய்?

நான் கத்த மாட்டேன். அடுப்புப் பக்கம் நின்று முறைக்க மாட்டேன். என்ன கொட்ட வேண்டும் என்று சொல், நானே கொட்டுகிறேன், இரண்டு முறை இல்லை, பத்து முறை கொட்டுகிறேன். ஒன்றுமில்லை என்றால் அதைச் சொல்கிற ரத்தப் பரிசோதனைத் தாளை அனுப்பு, அதைப் பார்த்துவிட்டு நன்றாகத் தூங்குகிறேன். அப்பா மாதிரி மழுப்பி, எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் எழுதிவிடாதே. உங்கப்பாவுக்கு என்ன கொடுக்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. உனக்காவது நான் தெரிந்து சமைக்க வேண்டும்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், என் வயதையும் சேர்த்துக்கொள். எதைச் சாப்பிடக் கூடாது என்று அம்மாவுக்கு எழுது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வைத்திருக்காதே, இன்றைக்கே எழுது.

உன் பதிலுக்காக அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருக்கும்,
அம்மா